செல்லப்பா கிளாக்கரின் நகல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஏழாந் திகதி, வியாழக்கிழமை காலை ஒன்பது மணி முதல், கண்டிப் பட்டணத்தில் செல்லப்பா கிளாக்கர் இரண்டு பேராக இருந்தார். ஒருவர் கட்டுக்கலை வீட்டு முற்றத்தில் கொய்யாமரத்தின் கீழ்க் கதிரை போட்டு, காலை நீட்டிக்கொண்டு நாடக வசனம் பாடமாக்கிக்கொண்டிருந்தார். மற்றவர் கந்தோரில், யன்னலோரத்து மேசையில், வழக்கம்போல் கடிதங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை சம்பா அரிசி விலை ஏறியிருந்ததால் ஊர்ச்சனம் அதைப் பற்றித்தான் பேசியது. கிளாக்கர் இரண்டான சங்கதியைச் சந்தைப் பக்கம் இரண்டொருவர் கேட்டுவிட்டு, அப்படியா என்று சொல்லிக்கொண்டு அரிசிக் கடைக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கந்தோர், புசல்லாவை, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி அனுப்புகிற ஒரு வெள்ளைக்காரக் கம்பனியுடையது. கம்பனி எப்போதோ இல்லாமற் போய்விட்டது. அதன் பெயர் இங்கே வேண்டாம். தோட்டத்துக்குத் தேயிலைப் பெட்டி போகிறதென்றால் ஒரு கடிதம், பெட்டிக்கு ஆணி குறைந்தால் இன்னொரு கடிதம், ஆணி வந்து சேர்ந்ததா என்று கேட்டு மூன்றாவது கடிதம். எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். செல்லப்பாவின் வேலை நகல் எடுப்பது மட்டுமே. கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் ஒரு விசேஷ மையால் எழுதிய கடிதத்தை, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள்கள் கட்டிய தடித்த புத்தகத்துக்குள் வைத்து, தாளைத் தூரிகையால் ஈரமாக்கி, புத்தகத்தை மூடி, இரும்பு அமுக்கு யந்திரத்துக்குக் கீழே தள்ள வேண்டும். பியூன் சாஹுல் ஹமீது யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றி இறுக்குவார். ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்தால், கடிதத்தின் மையில் கொஞ்சம் ஈரத்தாளில் இறங்கியிருக்கும். கடிதம் வெளியே போகும். நகல் புத்தகத்திலேயே இருக்கும். இறுக்குந்தோறும் அசல் கொஞ்சம் வெளிறும் என்பதும், ஒரு நகலை வைத்து இன்னொரு நகல் எடுக்க வராது என்பதும் அந்த வேலையில் கை நனைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். யந்திரத்துக்கு மேலே சுவரில், முதலாவது துரை எழுதித் தொங்கவிட்ட பலகை ஒன்று இருந்தது: இந்தக் கந்தோரை விட்டுப் போவது எதுவானாலும் அதன் நகல் ஒன்று இங்கே இருக்க வேண்டும்.

செல்லப்பா சாவகச்சேரியில் ரயிலேறி வந்து அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தது 1914இல். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரு யுத்தம் தொடங்கி முடிந்தது. கம்பனியில் மூன்று துரைமார் மாறினார்கள். செல்லப்பாவின் கதிரைக்கு இரண்டு தரம் புதுப் பிரம்பு பின்னினார்கள். குனிந்தே இருந்ததில், துரைமாரின் முகத்தைவிட அவர்களுடைய சப்பாத்துகளைத்தான் அவருக்கு நன்றாக அடையாளம் தெரியும். சப்பாத்து வந்து மேசைக்கு முன்னால் நிற்கும்; தலைக்கு மேலே ஏதோ ஒரு கட்டளை கேட்கும்; அவர் ‘எஸ் சேர்’ என்பார். வீட்டுக்கு வந்தால் அதுவே ‘ஓம்’ ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் குடையைக் கேட்டால் ஓம். கோயிற் காரியத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஓம். ஒரே நாளில் இரண்டு கலியாணத்துக்கு வரச் சொன்னால் இரண்டுக்கும் ஓம். பதினைந்து வருடத்தில் அந்த ஒரு சொல் அவர் நாக்கில் தழும்பேறிப் போயிற்று. அதற்கு எதிர்ச்சொல் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். அது வாய்க்கு வருவதில்லை.

இந்த ஓம் பெறுமதியில்லாதது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி அன்னலட்சுமி. 1921ஆம் ஆண்டு அவள் ஒரு சோதனை வைத்தாள். ஏழு நாள் தொடர்ந்து கறிக்கு உப்புப் போடவில்லை. முதல் நாள் கத்தரிக்காய்ப் பால்கறி, இரண்டாம் நாள் பருப்பு, மூன்றாம் நாள் மீன். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று, “இஞ்சேருங்கோ, கறி எப்பிடி?” என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஓம், நல்லாயிருக்கு” என்றார். ஏழாம் நாள் அவள் கிணற்றடிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவரிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்பதை விட்டுவிட்டாள். அவளுக்கு மாடிவீடு வேண்டியிருக்கவில்லை, சங்கிலி வேண்டியிருக்கவில்லை. கறியில் உப்பில்லை என்று சொல்லக்கூடிய ஒரு மனிதன் வீட்டில் இருந்தால் போதும் என்றிருந்தது.

நாடகம் இப்படியிருக்கையில்தான் வந்தது. தெல்தோட்டைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் தையற்கடை போட்டிருந்த மூக்கையா என்பவர் ‘கதிரையை விட்டவன்’ என்று ஒரு நாடகம் எழுதினார். கதை சின்னது. ஒரு கந்தோரில் ஒரு கிளாக்கர். இரண்டு காட்சிகளில் அவன் எழுதுகிறான், எழுதுகிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான். மூன்றாம் காட்சியில் துரை வந்து இன்னும் நூறு நகல் எடு என்கிறான். கிளாக்கர் எழுந்து நின்று, “ஏலாது, துரை” என்று சொல்லிவிட்டு வெளியே நடக்கிறான். பிறகு பாட்டு. நடிகர்களுக்குக் கொடுக்கப் பிரதிகள் வேண்டுமென்று மூக்கையா செல்லப்பாவிடம் வந்தார். செல்லப்பா ஓம் என்றார். எழுதிக்கொண்டு போகையில் மூன்றாம் காட்சியில், அந்த ஒரு வரியில், அவர் பேனை நின்றது. பதினைந்து வருடத்தில் ஒரு தடவையும் நிற்காத பேனை. அந்த வரியைத் தானே ஒருநாள் நாலு பேருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்தது. சாப்பாட்டில்கூட அவருக்கு அப்படி ஆசை வந்ததில்லை. கிளாக்கர் வேஷத்துக்கும் ஆள் வேண்டுமென்று மூக்கையா மறுநாள் கேட்டபோது, அவர் சொல்லி முடிக்கமுன்னே செல்லப்பா ஓம் என்றுவிட்டார்.

துரை வேஷத்துக்குச் சாஹுல் ஹமீதைப் பிடித்தார்கள். ஆறடி உயரம், பதினெட்டு வருடம் துரைமாருக்குக் கதவு திறந்துவிட்ட அனுபவம், அவர்கள் எப்படி இருமுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். முதல் ஒத்திகையில், துரை ஒருவர் கழித்துவிட்ட பழைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹமீது உள்ளே வந்ததும், செல்லப்பா துள்ளியெழுந்து, ‘குட் மோர்னிங் சேர்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் ஒத்திகையிலும் எழுந்தார். மூன்றாம் காட்சி வந்து, ஹமீது மேசையில் தட்டி நூறு நகல் கேட்டபோது, செல்லப்பா வாயைத் திறந்தார்; நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது; கடைசியில் வெளியே வந்து விழுந்தது ஓம்.

“என்னங்க கிளாக்கரய்யா,” என்றார் மூக்கையா, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி. “ஒத்த வார்த்தைங்க. அந்த வார்த்தைக்காகத்தான் நாடகமே போடுறோம். சொல்லிப்புடுங்க.”

“ஓம், ஓம்” என்றார் செல்லப்பா.

பத்து நாள் லீவு எடுத்து வீட்டிலிருந்து பழகினால் வரும் என்று மூக்கையா சொன்னார். செல்லப்பா அதுவரை ஒரு நாள்கூட லீவு எடுத்தவரல்ல. புதன்கிழமை பின்னேரம் கடிதம் எழுதினார்; கீழே ‘தங்கள் தாழ்மையுள்ள, கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று கையெழுத்து வைத்தார். பிழை இங்கேதான் நடந்தது. லீவுக் கடிதம் கந்தோரை விட்டு வெளியே போவதில்லை. பன்னிரண்டு அடி தள்ளித் துரையின் அறைக்குப் போகும், அவ்வளவுதான். அதற்கு நகல் தேவையில்லை. ஆனால் கையிலிருப்பது கடிதமென்றால் அதை ஈரத்தாளில் வைக்கத்தான் அவர் கைக்குத் தெரியும். வைத்தார், ஹமீதும் வேறு யோசனையில் கைப்பிடியைச் சுற்றி இறுக்கினார். இலக்கம் போட்டு அட்டவணையிலும் பதிந்தாயிற்று. மறுநாள் காலை செல்லப்பா கந்தோரை விட்டுப் போயிருந்தார். பலகையில் எழுதியபடி அவருடைய நகல் ஒன்று அங்கே இருந்தது.

மத்தியானம் ஹமீது வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, கோவிச்சிக்க வாணாம். நீங்க கந்தோர்ல இரிக்கிறீங்க.”

“நான் இஞ்சையெல்லோ இருக்கிறன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். இங்கயும் இரிக்கிறீங்க.”

ஆள் அப்படியே நீங்கள்தான் என்றார் ஹமீது. கொஞ்சம் ஈரம். கொஞ்சம் கத்தரிப்பூ நிறம். பின்னால் இருக்கிற அலுமாரியின் கைப்பிடி வயிற்றுக்குள்ளால் தெரிகிறது. மற்றபடி குறையில்லை, காலையிலிருந்து முப்பத்தொரு கடிதம் முடித்தாயிற்று. துரை ஒன்றும் சொல்லவில்லையா என்று அன்னலட்சுமி கேட்டாள். துரைக்குத் தெரிந்தது குனிந்த தலை ஒன்றுதான்; அது அதே இடத்தில் இருந்தது. செல்லப்பாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, நிம்மதி. யாரும் ஏசப்போவதில்லை, வேலையும் நிற்கப்போவதில்லை. கொய்யாமரத்தடிக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மத்தியான வெயிலில் ஒரு நித்திரை கொண்டார்.

நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தது. அன்று தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட அன்னலட்சுமி, கணவனின் மீசை வெளிறியிருப்பதைக் கண்டாள். நரை என்று நினைத்தாள். திங்கட்கிழமை புருவம் வெளிறிற்று. நகல் தேத்தண்ணி குடிப்பதில்லை, சாப்பிடப் போவதில்லை, கால் மாற்றிப் போடுவதுகூட இல்லை. அதைக் கண்டுகொண்ட துரை கடிதங்களை இரட்டிப்பாக்கியிருந்தார். அங்கே ஒவ்வொரு தடவை யந்திரம் இறுகும்போதும் இங்கே செல்லப்பாவில் கொஞ்சம் குறைந்தது. செவ்வாய்க்கிழமை அவர் கிணற்றடியில் நிற்கையில், கிணற்றுக்கட்டில் இருந்த காகம் அவர் தோளுக்குள்ளால் தெரிந்தது. புதன்கிழமை தேத்தண்ணி குடித்தபோது, அது தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் இறங்குவதை அன்னலட்சுமி இருந்து பார்த்தாள். வைத்தியர் ஒருவர் வந்து நாடி பிடித்து, இரத்தக் குறைவு என்று கஷாயம் கொடுத்தார்; அதுவும் இறங்குவது தெரிந்தது. கந்தோரில் நகல் நாளுக்கு நாள் கறுத்துத் தடித்து வருவதாக ஹமீது சொன்னார். இப்போது அலுமாரிக் கைப்பிடி தெரிவதில்லையாம்.

“நாடகத்துக்கு முதலே முடிஞ்சிடுவியள்,” என்றாள் அன்னலட்சுமி. “போய் அவனை நிப்பாட்டச் சொல்லுங்கோ. உங்கடை வாயாலை சொல்லுங்கோ.”

வியாழக்கிழமை செல்லப்பா கந்தோருக்குப் போனார். வழியில் தெரிந்தவர்கள் எவரும் அவரை நலம் விசாரிக்கவில்லை. வெயிலில் அவர் இருப்பது கண்ணில் படவில்லை. யன்னலோரத்தில் தன் கதிரையில் தன் முதுகைக் கண்டார். இவ்வளவு கூனலா என்று இருந்தது.

“நீர் இந்த வேலையைக் கொஞ்சம் நிப்பாட்டுவீரோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றது நகல். சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்து ஈரத்தாளில் வைத்தது.

“நிப்பாட்டாட்டி நான் இல்லாமற் போயிடுவன்.”

“ஓம்.”

அந்த ஓமை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். எட்டு வருடத்துக்கு முன் உப்பில்லாத கறிக்குச் சொன்ன அதே ஓம். இதைக் கேட்டுக்கொண்டுதானே அவள் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழும்பு, வேண்டாம், ஏலாது என்று எதையாவது சத்தமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் உள்ளறையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இரண்டு செல்லப்பாக்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பிறகு அசல் சுவரோரமாக நடந்து வீடு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நாடகம். கட்டுக்கலையில் கோப்பிக் காலத்துப் பழைய கொட்டில் ஒன்று சும்மா கிடந்தது. அங்கே மேடை போட்டிருந்தார்கள். பட்டணத்துக் கந்தோர்களிலிருந்து கிளாக்கர்மார், அரை நாள் வேலை முடிந்து, கழுத்துப் பட்டியைக்கூட அவிழ்க்காமல் வந்து இருந்தார்கள். தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் தோட்டத்துச் சனம் பஸ்ஸில் வந்தது. பெண்கள் பக்கத்தில் ஹமீதின் மனைவி ருக்கியா, தன் புருஷன் துரையாக நடப்பதைப் பார்க்க முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அன்னலட்சுமி, இரண்டு கையையும் மடியில் பொத்தியபடி. திரை விலகியபோது மேடையில் செல்லப்பா இருந்தார். பின்னால் கட்டியிருந்த கந்தோர்ப் படம் அவருக்குள்ளால் துலக்கமாகத் தெரிந்தது. இப்படி ஒரு வேஷம் கண்டியில் இதுவரை யாரும் கட்டியதில்லை என்று சனம் கைதட்டிற்று. மூக்கையா மட்டும் பக்கத்திரைக்குள் நின்று கையைப் பிசைந்தார்.

மூன்றாம் காட்சி வந்தது. முகத்தில் மாப்பூசிய ஹமீது தொப்பியோடு உள்ளே வந்து, மேசையில் தட்டி, இன்னும் நூறு நகல் எடு என்றார். செல்லப்பா எழுந்து நின்றார். அவர் வாய் அசைந்தது.

“ஓம்” என்றார்.

முன்வரிசைக் கிளாக்கர்மாரில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அது நாடகமாகத் தெரியவில்லை. செல்லப்பாவின் வேட்டிக்கரை மங்கியது, பிறகு விரல்கள். அன்னலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். ஹமீது ஒரு கணம் அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். எழுதிக்கொடுக்காத ஒரு வசனத்தைச் சொன்னார். “நில்லுங்க ஐயா, போயிடாதீங்க, வாறேன்.” மேடையிலிருந்து குதித்து, துரைத் தொப்பியோடு வாசலால் ஓடினார். மூக்கையா ஆர்மோனியக்காரருக்குக் கையைக் காட்டினார். அவர் தனக்குத் தெரிந்த ஒரே மெட்டை ஏழு தரம் வாசித்தார்.

கந்தோர் இரண்டு தெரு தள்ளி. துரை பந்தாடப் போயிருந்தார். நகல் மட்டும் தனியே இருந்து வேலை செய்துகொண்டிருந்தது. தொப்பியைக் கண்டதும் எழுந்து நின்றது. வா என்றார் ஹமீது. ‘எஸ் சேர்’ என்றது. நகல் புத்தகத்தையும் எடுத்துக்கொள் என்றார்; அதற்கும் எஸ் சேர். தெரு வழியே முன்னால் துரை, பின்னால் புத்தகத்தைக் கட்டிப்பிடித்தபடி கத்தரிப்பூ நிறத்துக் கிளாக்கர் போவதைக் கடைக்காரர்கள் பார்த்தார்கள். துரை அரை ஓட்டமாகப் போனார் என்பது மட்டும் அவர்களுக்குப் புதினமாக இருந்தது.

மேடையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது, அசலுக்கு முகத்தின் கோடு மட்டுமே மிச்சமாக இருந்தது. ஹமீது நகலின் கையிலிருந்த புத்தகத்தை விரித்து, லீவுக் கடிதத்தின் நகல் இருந்த தாளை எடுத்து, துரையின் குரலில் சொன்னார்: “இந்தத் தாளுக்கு ஒரு நகல் எடு.”

நகல் அந்தத் தாளைக் கையில் வாங்கியது. திருப்பிப் பார்த்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. அது நேர்மையான வேலைக்காரன். பதினைந்து வருடத்து அனுபவம் அப்படியே அதில் இறங்கியிருந்தது. நெற்றியைச் சுருக்கி யோசித்தது. தொண்டையைச் செருமியது. கோபம் ஒன்றுமில்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லும் குரலில் சொன்னது:

“ஏலாது, துரை. நகலிலையிருந்து நகல் எடுக்க ஏலாது.”

கூரை இடிந்து விழவில்லை. தொப்பிக்காரர் அடிக்கவில்லை. செல்லப்பா தன்னுடைய வாய், தன்னுடைய மீசை, தன்னுடைய குரல் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்பதைப் பார்த்தார். உண்மைதானே, ஏலாதுதானே என்று அவருக்குப் பட்டது. இவ்வளவு காலமும் எத்தனை விஷயத்துக்கு ஏலாமல் இருந்தது! “ஏலாது” என்றார். கொசு பறக்கிற சத்தந்தான். மறுபடியும் சொன்னார். மீசை கறுத்தது. மூன்றாம் தடவை முன்வரிசைக்குக் கேட்டது. தோளுக்குள்ளால் தெரிந்த கந்தோர்ப் படம் மறைந்தது. நகலின் கறுப்பு மெல்ல மெல்ல இறங்கி, அது முதல் நாள் இருந்த சருகுத் தாள் நிறத்துக்குத் திரும்பிற்று. தெல்தோட்டைச் சனத்துக்குள்ளிருந்து வேலாயி என்ற, கொழுந்து பறிக்கிற பெண் எழுந்து, “இன்னொருக்கா சொல்லுங்க சாமி!” என்று கத்தினாள். பதினொரு தடவை சொல்ல வைத்தார்கள். கடைசித் தடவை கொட்டிலே சேர்ந்து சொன்னது. பிறகுதான் பாட்டு.

திட்டம் போட்டுத்தான் அப்படிச் செய்தீர்களா என்று ஹமீதைப் பின்னாளில் பலர் கேட்டதுண்டு. “பதினெட்டு வருசம் அந்தக் கைப்பிடியச் சுத்தினவன் நான்,” என்பார். “நகலுக்கு நகல் வராது என்டு எனக்குத் தெரியாதா?”

திங்கட்கிழமை செல்லப்பா கந்தோருக்குப் போய், துரையின் முகத்தை முதற்தடவையாக நிமிர்ந்து பார்த்தார். காதோரத்தில் ஒரு மச்சம் இருந்தது. இனி ஏலாது, துரை என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். துரைக்கு வா, போ, எடு, சுறுக்கா என்ற அளவில் தமிழ் தெரியும். இந்தச் சொல் தெரியாது. அதன் அர்த்தத்தைத் தேடிப் பிடிக்க அவருக்கு நாலு நாள் சென்றது. அதற்குள் செல்லப்பா அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு எதிரே ஒரு மாமரத்தின் கீழ் மேசை போட்டுவிட்டார். தோட்டத்து ஆட்களுக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தார். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறவர், தோட்டத்துப் பதிவிலிருந்து பெயர் வெட்டப்பட்டவர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்கிறவர் என்று ஆட்கள் வருவார்கள். ஒருவருக்கு எழுதினமாதிரி இன்னொருவருக்கு அவர் எழுதியதில்லை. அமுக்கு யந்திரத்துக்கு மூன்று வருடத்தில் துருப் பிடித்தது. டைப்ரைட்டர் வந்து, பலகையையும் கழற்றிவிட்டார்கள்.

நகல் செல்லப்பாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது. மழை நாளில் அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைப்பார்கள். வெயில் எறித்தால் கொடியில் போட்டுக் காயவிடுவார்கள். மூக்கையாவின் குழு ஊரூராகப் போனபோது முதல் இரண்டு காட்சிகளிலும் அது நடித்தது; எழுதிக்கொண்டே இருப்பதில் அதை அடிக்க ஆளில்லை. மூன்றாம் காட்சிக்குச் செல்லப்பா வருவார். 1934ஆம் ஆண்டு கடைசியில் மலேரியாக் காய்ச்சல் ஊரைத் தூக்கிச் சாப்பிட்டபோது, நுளம்பு கடிக்க இடமில்லாத உடம்பு கண்டிப் பக்கத்தில் அது ஒன்றுதான். கொயினா மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தது. எங்கள் வீட்டுக்கும் வருவீர்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் என்றது. சொன்ன வீட்டுக்கெல்லாம் போயிற்று. அதைக் கொண்டு பிழைத்தவர்கள் பலர் பிள்ளைகளோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஊர் சொல்வது இவ்வளவும். அன்னலட்சுமியிடம் கேட்டால் அவள் நாடகம் முடிந்த அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வாள். ஆறு மணிக்கு வீடு திரும்பினார்கள், மூன்று பேராக. நகலைச் சுவரோரம் ஒரு கதிரையில் இருத்தினாள். அடுப்பு மூட்டி, சோறு வடித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள். செல்லப்பாவுக்குப் போட்டுவிட்டு, கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். எட்டு வருடமாக அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “கறி எப்பிடி?”

“ஓம், நல்லாயிருக்கு” என்றது சுவரோரத்தில் இருந்த நகல், வாயில் ஒன்றும் வைக்காமலே.

செல்லப்பா இன்னொரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். விழுங்கினார். அது இறங்குவது வெளியே தெரியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார்.

“உப்புக் காணாதப்பா” என்றார்.

அகப்பை கீழே விழுந்தது. அன்னலட்சுமி குசினி நிலத்தில் குந்தியிருந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். இரண்டு செல்லப்பாக்களும் பயந்துபோய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் சென்று அவள் எழுந்து, அடுப்புக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒளித்து வைத்திருந்த உப்புச் சிரட்டையை எடுத்து வந்து, கணவனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.